ஓட்டப்போகிறவளைக் கேட்கவில்லை

முரளி,

இதை லாட்ஜ் கவுண்ட்டரில் உட்கார்ந்து எழுதுகிறேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் கொஞ்ச நேரம் இங்கே ஆள் வராது. அம்மன் கோயிலில் தரிசனம் முடித்தவர்கள் மேலே அறையில் தூங்குவார்கள், மலைக்குப் போனவர்கள் இருட்டினால்தான் இறங்குவார்கள். நானும் கண்ணை மூடிக்கொள்ளலாம், முடியவில்லை. எழுந்து சாவி மாட்டியிருக்கிற பலகையைச் சரிபார்க்கிறேன், உட்காருகிறேன், மறுபடி வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்க்கிறேன். போனில் சொல்லலாம் என்றால் நீ நடுவில் பேசிவிடுவாய். வீடியோவில் என் முகத்தைப் பார்த்தாலே "டென்ஷன் ஆவாதம்மா" என்று ஆரம்பித்துவிடுவாய். சொல்ல வேண்டியதை முழுசாகச் சொல்லி முடிக்க வேண்டும் என்பதால்தான் இந்தக் கடிதம். ஜப்பானில் உனக்கு லீவு நாள் எது என்று தெரியாது. அன்றைக்கு உட்கார்ந்து நிதானமாகப் படி.

கார் விஷயம்தான். சுனீதாவுக்கு விஜயபுரம் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் வந்த அன்றைக்கு நீதான் முதலில் சொன்னாய், கார் வாங்கிவிடலாம் என்று. திருச்சானூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து நகரிக்கு ஒரு பஸ், நகரியிலிருந்து இன்னொரு பஸ், அதிலிருந்து இறங்கி கூட வேலை பார்க்கிற டீச்சரின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து போக வேண்டும். திரும்பி வர விளக்கு வைத்துவிடுகிறது. ஹர்ஷி வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும், அம்மா வந்தால்தான் சாப்பிடும். அதையெல்லாம் நீயும் பார்த்தாய். புது வண்டி வேண்டாம், ஒரு வருஷம்கூட ஓடாத வண்டியாகப் பார்க்கலாம், முதல் கீறலை வேறு யாராவது போட்டிருந்தால் நமக்கு மனசு வலிக்காது என்று நீ சிரித்துக்கொண்டே சொன்னது எனக்கும் பிடித்திருந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சே இன்ஜின்தான். பைபாஸ் ரோட்டில் பழைய கார் விற்கிற யார்டில் ஒன்று: ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர், டர்போ. சித்தூரில் ஒரு மாட்டு டாக்டர் வீட்டில் இன்னொன்று: ஒன்றே கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு, நான்கு சிலிண்டர், டர்போ எல்லாம் கிடையாது. இரண்டும் பெட்ரோல், இரண்டும் கிட்டத்தட்ட புதுசு. நீ ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டைக்கூட எடுக்காமல் உன் நைனாவுக்கு விளக்கினாய். வெளியே போகிற புகையே ஒரு சின்னக் காற்றாடியைச் சுற்றுமாம், அந்தக் காற்றாடி இன்ஜினுக்குள்ளே கூடுதலாகக் காற்றைத் தள்ளுமாம், அதனால் சின்ன இன்ஜின் பெரிய இன்ஜின் வேலையைச் செய்யுமாம். காலமெல்லாம் ஷேர் ஆட்டோ ஓட்டிய மனுஷர் அவர். கேட்டுவிட்டு, "சின்னப் பையன் தலையில பெரிய மூட்டைய வெச்சா எத்தினி நாளிக்குடா தாங்குவான்" என்றார். நீ சிரித்தாய். சுனீதா அடுப்படியில் நாளைக்குக் கொண்டுபோகிற டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளிடம் நீ என்ன கேட்டாய் என்று யோசித்துப் பார். கலர் கேட்டாய்.

நானும் கேட்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த லாட்ஜ் வாசலில் எத்தனையோ குடும்பங்கள் காரிலிருந்து இறங்குவதைப் பார்த்துவிட்டேன். பின் சீட்டில் வந்த பெரியவர்கள் காலை நீட்ட முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், மலையிலிருந்து வளைந்து வளைந்து இறங்கிய குழந்தைகள் வாந்தி எடுத்திருக்கும். அதனால் எனக்குக் கார் என்றால் பின் சீட்டுதான். முன்னால் உட்கார்ந்து ஓட்டப்போகிறவள் யார் என்கிற நினைப்பு எனக்கே அந்த ஞாயிற்றுக்கிழமைதான் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கும் மறந்திருக்காது. யார்டுக்காரர் சாவியைக் கொடுத்ததும் நீ பைபாஸில் ஏற்றினாய். ஒரு அழுத்து அழுத்தினாய், என் முதுகு சீட்டில் போய் ஒட்டிக்கொண்டது. "பாத்தியாம்மா?" என்று கண்ணாடியில் என்னைப் பார்த்தாய். பத்தாவது பாஸ் பண்ணியபோது பார்த்த அதே முகம். பொய் சொல்லக்கூடாது, எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் நான்தான், சுனீதாவும் கொஞ்சம் ஓட்டிப் பார்க்கட்டுமே என்றேன். நீ அலிபிரி போகிற ரோட்டில் ஓரமாக நிறுத்தி இறங்கினாய். அன்றைக்கு மலைக்குப் போகிற கூட்டம். செக்போஸ்ட்டுக்கு ரொம்பத் தூரம் முன்னாலேயே வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்துகொண்டிருந்தன, ரோடு லேசாக ஏறுகிறது. அவள் கிளட்ச்சை விட்டாள், இன்ஜின் ஒரு உதறு உதறி நின்றுபோனது. மறுபடி ஸ்டார்ட் பண்ணினாள், மறுபடி நின்றது. பின்னால் ஒரு டெம்போ நிறைய கோவிந்தா போட்டுக்கொண்டு வந்தவர்கள், டிரைவர் ஹாரனிலிருந்து கையையே எடுக்கவில்லை. வண்டி ஒரு முழம் பின்னால் உருண்டது. நீ எட்டி ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து இழுத்து, "வுடு, உன்னால ஆவாது" என்றாய்.

நீ கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னாய். அதனால்தான் அது அப்படிப் பட்டது என்று நினைக்கிறேன். அவள் கதவைத் திறந்து இறங்கி, நகர்ந்துகொண்டிருந்த வண்டிகளுக்கு நடுவே புகுந்து நடந்துவிட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். நீ வண்டியை எடுத்துக்கொண்டு முன்னால் போக வேண்டியிருந்தது, எங்களைப் பார்க்கவில்லை. கற்பூரமும் தேங்காயும் விற்கிற கடைகளைத் தாண்டி ஒரு மர நிழலில் நின்றிருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. இடது காலை மட்டும் தரையில் வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தாள், ஏதோ அளவு பார்க்கிற மாதிரி. "கிளட்ச் எங்க பிடிக்குதுன்னு காலுக்குத் தெரியறதுக்குள்ள கைய வெச்சிட்டாரு அத்தம்மா" என்றாள். அவ்வளவுதான். திரும்பி வருகிற வழியில் நீ, சரி, அவசரம் இல்லை, ஒரு வருஷம் ஓடிவிடும், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றாய். அவளும் சரி என்றாள். அந்த வாரமே நீ விமானம் ஏறிவிட்டாய்.

உனக்கு ஒரு வருஷம் அங்கே. அவளுக்கு ஒரு வருஷம் அந்த பஸ்ஸில். நீ போன பிறகு ஒரு நாள் மழை. நகரியில் அவள் பிடிக்க வேண்டிய பஸ் போய்விட்டது, அடுத்தது வரவே இல்லை. போனில் சார்ஜ் இல்லை. எட்டு மணி நியூஸ் முடிந்தும் அவள் வரவில்லை. உன் நைனா வலிக்கிற முழங்காலோடு தெருமுனைக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தார். ஹர்ஷி சாப்பிடாமலே என் மடியில் தூங்கிவிட்டது. கடைசியில் ஒரு பால் வண்டி வாசலில் வந்து நின்றது, முன் சீட்டிலிருந்து புடவையைப் பிழிந்துகொண்டே இறங்கினாள். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துப் பண்ணையின் வண்டியாம், அதன் டிரைவர் மகள் அவளிடம்தான் படிக்கிறதாம். அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். என்னால் சிரிக்க முடியவில்லை. உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றாள், நானும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மறுநாள் காலையில் காபி போடும்போதே அவளைக் கேட்டேன், சித்தூர் வண்டி இன்னும் இருக்கிறதா என்று.

அடுத்த ஞாயிறு இருவரும் ஹர்ஷியைத் தூக்கிக்கொண்டு சித்தூர் போனோம். அவள் பிறந்த வீட்டில் குழந்தையை விட்டுவிட்டு, சம்பந்தியையும் கூட்டிக்கொண்டு டாக்டர் வீட்டுக்குப் போனோம். வெள்ளை வண்டி. பின் சீட்டு இடுக்கெல்லாம் பிஸ்கட் தூள். மூன்றாவது குழந்தை பிறந்துவிட்டதாம், ஆறு ஏழு பேர் உட்காருகிற வண்டி வேண்டும் என்று இதை விற்கிறார். ஸ்டார்ட் பண்ணினால் ஓடுகிறதா நிற்கிறதா என்றே எனக்குத் தெரியவில்லை, அவ்வளவு அமைதி. சுனீதா ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கிளட்ச்சை விட்டாள். வெண்ணெய் மாதிரி நகர்ந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அவள் அப்பாவின் பழைய காரை இந்த ஊர்ச் சந்துகளில் எல்லாம் ஓட்டியிருக்கிறாள். உனக்குத் தெரியுமா? எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஐந்து வருஷமாக நம் வீட்டில் இருக்கிறாள். நாம் அவளிடம் கேட்டதே இல்லை.

எனக்கு அங்கேயே முடிவாகிவிட்டது. இதுதான் அவளுக்கான வண்டி, சாதுவான வண்டி, நின்றுபோகாத வண்டி, அட்வான்ஸ் கொடுத்துவிடலாம் என்றேன். அவள்தான், கொஞ்சம் பொறுங்கள், ஆள் நிறைய உட்கார்ந்து ஏற்றத்தில் போய்ப் பார்க்கலாம் என்றாள். டாக்டரும் சம்பந்தியும் பின்னால், நான் முன்னால். ஏசி போட்டுக்கொண்டு புத்தூர் போகிற ரோட்டில் போனோம். மாம்பழ சீசன். கூழ் ஃபாக்டரிகளுக்குப் போகிற டிராக்டர்களும் லாரிகளும் வழியெல்லாம். ஊரைத் தாண்டி ஒரு ஏற்றத்தில் காலி டிராக்டர் ஒன்று எங்களுக்கு முன்னால், டிரெய்லர் ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது. அவள் பொறுமையாகப் பின்னாலேயே போனாள். டாக்டருக்குப் பொறுக்கவில்லை. தாண்டும்மா, தாண்டும்மா என்று தெலுங்கில் சொல்லிக்கொண்டே இருந்தார். அவளும் எட்டிப் பார்த்து, ரோடு காலியாக இருக்கவே, கியரைக் குறைத்து வெளியே எடுத்தாள்.

இன்ஜின் கத்தியது முரளி. சத்தம் வந்த அளவுக்கு வேகம் வரவில்லை. டிராக்டரின் பின்சக்கரம் என் ஜன்னலுக்கு நேராக இருந்தது, அங்கேயே இருந்தது. மேட்டுக்கு மேலே ஒரு பஸ்ஸின் கண்ணாடி தெரிந்தது. அவள் ஆக்ஸிலேட்டரை விட்டு, பிரேக்கை மிதித்து, டிராக்டருக்குப் பின்னால் திரும்ப நுழைந்தாள். பஸ் எங்கள் ஓரமாகக் காற்றை அடித்துக்கொண்டு போனது. கொஞ்ச தூரம் போய் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினாள். ஏசியை அணைத்திருக்க வேண்டும், ரெண்டாவது கியர் போட்டிருக்க வேண்டும் என்று டாக்டர் ஆரம்பித்தார். அவள் அப்பா அவர் தொடையில் கை வைத்தார், அவர் நிறுத்திக்கொண்டார். திரும்பும்போது அவள்தான் ஓட்டினாள். நான் வேண்டாம் என்று சொல்லியும் சாவியைக் கொடுக்கவில்லை.

சித்தூர் பஸ் ஸ்டாண்டில் ஹர்ஷிக்கு ஒரு மோர் பாக்கெட்டை உடைத்துக் கொடுத்துக்கொண்டே நான் சொன்னேன், காரே வேண்டாம், உன் புருஷன் வரட்டும், பஸ்ஸில் போனால் குறைந்தது ஓட்டுகிறவன் வேறு ஆள். அவள் குழந்தையின் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். அப்புறம் சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அலிபிரில நின்னுபோச்சே, அது என் காலு தப்பு அத்தம்மா. பழகிக்கலாம். இன்னிக்கு என் காலு சரியாத்தான் இருந்துச்சி. வண்டிக்கு அதுக்கு மேல இல்ல."

"டாக்டர் பேச்சக் கேட்டு நீ ஏன் வெளிய எடுத்த?" என்றேன்.

"எடுத்திருக்கக் கூடாது. மேட்டுக்கு அந்தப் பக்கம் தெரியல. அதுவும் என் தப்புதான், இனிமே பின்னால இருக்கறவங்க சொல்லி நான் எடுக்க மாட்டேன்." மோர் பாக்கெட்டைக் குழந்தை கையிலிருந்து வாங்கித் துடைத்துவிட்டு, "மொதல்ல பாத்தோமே, அந்த வண்டிய இன்னொருக்கா நேனே ஓட்டிப் பாக்கறேன். நீங்க மட்டும் வாங்க" என்றாள். நேனே என்றாள், நானே என்று.

பஸ் முழுக்க நான் யோசித்துக்கொண்டு வந்தேன். நீ உனக்குப் பிடித்த வேகத்தை வைத்து அவளுக்கு ஒரு வண்டி பார்த்தாய். நான் அவள் பயத்தை வைத்து ஒரு வண்டி பார்த்தேன், அதுவும் அவள் பயமே இல்லை, என் பயம். உன்னைவிட நான் நல்லவள் என்று அலிபிரியிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு சித்தூர் பஸ்ஸிலேயே போய்விட்டது.

யார்டுக்காரர் முதலில் முகத்தைச் சுளித்தார். போன தடவை நின்றுபோன கதை அவருக்கும் தெரியும். சார் வரலையா என்று கேட்டார். சார் ஊரில் இல்லை, டீச்சர்தான் ஓட்டுவார்கள் என்றேன். அவள் லைசென்ஸைக் கொடுத்துவிட்டு வண்டியை வெளியே எடுத்தாள். நேராக ரயில் பாதைக்கு மேலே போகிற பாலத்துக்குப் போனாள். ஞாயிறு மத்தியானம், வண்டிகள் குறைவு. ஏற்றத்தில் ஓரமாக நிறுத்தினாள், எடுத்தாள். நின்றுபோனது. மறுபடி. எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை, கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். நிற்கிறபோதெல்லாம் அவள் கோபப்படவில்லை, ஸ்டார்ட் பண்ணி மறுபடி முதலிலிருந்து. கொஞ்ச நேரத்தில் அவளுக்கு அது பிடிபட்டுவிட்டது. பழைய கார் மாதிரி கிளட்ச்சை மட்டும் விட்டால் இது வராது, முதலில் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்து, அப்புறம் விட வேண்டும், காற்றாடி சுற்ற ஆரம்பிக்கிற வரைக்கும் இந்த இன்ஜினுக்குத் தெம்பு இல்லை, சுற்ற ஆரம்பித்தால் வேறு வண்டி. இதை அவள் எனக்குச் சொன்னாள். நீயும் வீட்டில் இதையேதான் சொல்லியிருப்பாய், ஆனால் அவளுக்குச் சொல்லவில்லை.

அதற்கு அடுத்த வாரம் பள்ளிக்கூடம் போகிற ரோட்டிலேயே ஓட்டிப் பார்த்தோம். நகரியைத் தாண்டினால் ரோடு சுருங்கிவிடுகிறது, இரண்டு பக்கமும் நெல்லும் வேர்க்கடலையும். வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்றுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். எனக்குச் சித்தூர் ஏற்றம் ஞாபகம் வந்தது. அவள் தாண்டவில்லை. வளைவு வந்தது, தாண்டவில்லை. சின்ன மேடு வந்தது, தாண்டவில்லை. பின்னால் ஒரு பைக்காரன் ஹாரன் அடித்தான், அவள் காதிலேயே வாங்கவில்லை. "அவசரமா அத்தம்மா?" என்று என்னைத்தான் கேட்டாள். அப்புறம் ரோடு நேராக, எதிரே கண்ணுக்கு எட்டிய வரை ஒன்றும் இல்லாமல் திறந்தது. கியரை மாற்றி வெளியே எடுத்தாள், நான் மூச்சை இழுத்து விடுவதற்குள் டிராக்டர் பின்னால் போய்விட்டது. நான் ரோட்டைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் முகத்தில் பைபாஸில் பார்த்த சந்தோஷம் அதில் இல்லை. வேலை முடித்தவர்களின் முகம்.

அவள் அப்பாவுக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிவந்து அடியிலிருந்து மேல்வரை பார்க்க வைத்தோம். சர்வீஸ் எல்லாம் சரியாகச் செய்திருக்கிறது, வாரண்டி இன்னும் இருக்கிறது. டர்போ வண்டிக்குச் சொன்ன ஆயிலைச் சொன்ன நேரத்தில் மாற்ற வேண்டும், வேகமாக ஓட்டிவந்து நிறுத்தினால் உடனே அணைக்காமல் கொஞ்சம் ஓடவிட வேண்டும் என்று அவர் சொன்னதை அவள் கேட்டுக்கொண்டாள். நிற்கும்போது மூன்று சிலிண்டர் நடுக்கம் காலடியில் இருக்கிறது, அது குறையில்லை, அதன் சுபாவம் என்றார். உன் நைனா சுற்றிச் சுற்றி வந்து டயரை மட்டும் அழுத்திப் பார்த்தார். ஆர்.சி. யார் பெயரில் என்று யார்டுக்காரர் கேட்டபோது அவள் என்னைப் பார்த்தாள். அவள் பெயரில்தான் என்றேன். லோனும் அவள் சம்பளத்தில்தான். இதை உன்னைக் கேட்காமல் செய்தோம். வருத்தமாக இருந்தால் என்னிடம் கோபித்துக்கொள், அவளிடம் வேண்டாம்.

ஆக, நீ ஆசைப்பட்ட அதே வண்டிதான் இப்போது நம் வாசலில் நிற்கிறது. இந்த வரியைப் படிக்கும்போது நீ எப்படிச் சிரிப்பாய் என்று எனக்குத் தெரியும், அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன். நீ அதைப் பார்த்தது பைபாஸுக்கு. அவள் எடுத்தது வைக்கோல் டிராக்டருக்கு. இன்ஜின் ஒன்றுதான், காரணம் ஒன்று இல்லை. நாளைக்கு வீடு பார்க்கும்போதும், ஹர்ஷியைச் சேர்க்கப் பள்ளிக்கூடம் பார்க்கும்போதும் நீ நிறையப் படித்துவிட்டு வந்து நிறையப் பேசுவாய். சரியாகவும் பேசுவாய். பேசுவதற்கு முன்னால், அதில் தினமும் இருக்கப்போகிறவர்களைக் கொஞ்சம் உட்கார வைத்து, கையைக் கட்டிக்கொண்டு பார். நின்றுபோனால் நின்றுபோகட்டும். பின்னால் ஹாரன் அடிக்கிறவன் யாரோ ஒருத்தன், திரும்ப அவனைப் பார்க்கக்கூடப் போவதில்லை.

எனக்கு இன்னும் நிம்மதி வந்துவிடவில்லை. முன்னே பஸ் வரவில்லையே என்று வாசலுக்குப் போவேன், இப்போது கார் வரவில்லையே என்று போகிறேன். மழை பெய்தால் இன்னும் இரண்டு தடவை போகிறேன். அது என் பாடு, அதற்கு எந்த இன்ஜினும் மருந்தில்லை. ஆனால் வெளிச்சம் இருக்கும்போதே அவள் வந்துவிடுகிறாள், ஹர்ஷி அவளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறது.

நீ வருகிற அன்றைக்கு உன்னை அழைத்துவர அவள்தான் ஏர்போர்ட்டுக்கு வருவாள், நான் வரமாட்டேன். பெட்டியைப் பின்னால் வை, முன்னால் இடது பக்கம் உட்கார், குழந்தை பற்றிப் பேசு, மழை பற்றிப் பேசு, எது வேண்டுமானாலும் பேசு. "நான் அப்பவே சொன்னேன்" என்று மட்டும் சொல்லிவிடாதே.

அம்மா